ஒழுகுற கூரையும் ஒரு துண்டு படிகாரமும்

எங்கிட்ட ஒரு படகு இருக்குன்னு சொன்னதும், வெள்ளை பேண்ட், கறுப்புக் கண்ணாடி, கையில ஜூஸ் கிளாஸுன்னு ஒரு ஆளைக் கற்பனை பண்ணிடாதீங்க. இது 1974ல கட்டின, 20 அடி ஃபைபர் படகு. நாங்க இருக்கிற நார்ஃபோக் பிராட்ஸ் பகுதியில சட்டப்படியே மணிக்கு 3 மைல்ல இருந்து 6 மைல் வரைதான் போகலாம். கரையில சைக்கிள்ல போற பொடியன் நம்மளைத் தாண்டிப் போயிட்டு, திரும்பிப் பார்த்து டாட்டா வேற காட்டுவான். தங்கமணி இந்தப் படகுக்கு வச்சிருக்கிற பேரு "மூத்த சம்சாரம்". காசையும் ஞாயித்துக்கிழமையையும் அதுதான் சாப்பிடுதுங்கிற கடுப்பு.

பிராட்ஸ்னா இங்கிலாந்தோட கிழக்கு ஓரத்துல ஆறுகளால கோத்த ஆழமில்லாத ஏரிக் கூட்டம். படகு போற வழி மட்டும் சுமார் 200 கிலோமீட்டர். ரொம்ப காலம் இதெல்லாம் இயற்கையா உருவான ஏரின்னுதான் நெனைச்சுட்டு இருந்தாங்க. ஜாய்ஸ் லாம்பர்ட்னு ஒரு அம்மா 1950கள்ல துளை போட்டு மண்ணை எடுத்து ஆராய்ஞ்சு, இதெல்லாம் இடைக்காலத்துல ஜனங்க அடுப்பெரிக்கக் கரிமண் வெட்டின குழிங்க, அப்புறம் தண்ணி ஏறி ஏரியாச்சுன்னு நிரூபிச்சாங்க. ஆக, இந்த ஊரே ஒரு காலத்துல தண்ணியைத் தடுக்க முடியாம விட்டுக் கொடுத்த ஊருதான். என் படகோட கதையும் அதே.

படகோட முன்பாதி கேபின். பின்பாதி திறந்தவெளி. அதுக்கு மேல வளைஞ்ச கம்பிகள்ல கித்தான் துணி போட்டு ஒரு கூரை. நம்மூரு கூண்டு வண்டியை நெனைச்சுக்குங்க, அதேதான். ஒரே வித்தியாசம், இதை மடக்கலாம். மடக்கியே ஆகணும். போட்டர் ஹைகம்னு ஒரு ஊர்ல இடைக்காலத்துப் பாலம் இருக்கு. வளைவு அவ்வளவு தாழ்வு, ஆளும் குனியணும், கூரையும் குனியணும். இப்படி வருஷக் கணக்கா ஒரே இடத்துல மடிச்சு மடிச்சு, அந்த மடிப்புல துணி வெளிறிப்போய் இருந்துச்சு.

சரி, மேட்டருக்கு வருவோம்.

2023 ஜூலை. அம்மா நாகர்கோவில்ல இருந்து வந்திருந்தாங்க. அப்பா போன பிறகு அவங்க தனியா வந்த முதல் பயணம். வயசு 74. முட்டிவலியால எங்கேயும் நடக்க முடியாது. அரண்மனை, மியூசியம் எதுவும் வேலைக்கு ஆகலை. ஆனா படகுல உக்கார வச்சதும் முகமே மாறிடுச்சு. நாணல், அன்னப்பறவை, தூரத்துல காத்தாடி மில்லு, எல்லாம் தானா நகர்ந்து வருது. "இதுதாம்லே சுகம். நாம நடக்காண்டாம், ஊரு நடக்கும்"னாங்க.

அன்னிக்கு மத்தியானம் மழை பிடிச்சுது. கூரையை ஏத்தி ஜிப்பை இழுத்து விட்டேன். கால் மணி நேரம் கழிச்சு அம்மா தலையில டொக். முந்தானையை எடுத்துத் தலையில போட்டுக்கிட்டாங்க. அடுத்து தோள்ல டொக். "மக்களே, நம்ம பழைய வீட்டு ஓட்டுக்கூரை மாதிரியே இருக்குல்லா. ஒரு சட்டி இருந்தா வையி"ன்னு சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். படகுத்துறைக்குத் திரும்ப இன்னும் ஒண்ணரை மணி நேரம். ஆறு மைல் வேகம்னு முன்னாடியே சொன்னேன்ல.

மூணாம் நாள் காய்ச்சல். அப்புறம் நெஞ்சுச்சளி. பத்து நாள் படுக்கை. மாத்திரை தீரும்போது ஊருக்குத் திரும்புற தேதியும் வந்துடுச்சு. ஏர்போர்ட்ல சக்கர நாற்காலியில இருமிக்கிட்டே கை காட்டினாங்க.

இதுல நான் யார்கிட்டயும் சொல்லாத ஒரு விஷயம் இருக்கு. அந்தக் கூரை ஒழுகும்னு எனக்கு மே மாசமே தெரியும். ஒரு டேப்பை ஒட்டிட்டு "சின்ன ஒழுகல்தானே, சம்மருக்கு எங்க மழை பெய்யப் போகுது"ன்னு விட்டுட்டேன். கிழக்கு இங்கிலாந்து இந்த நாட்டுலயே மழை கம்மியான பகுதி. வருஷத்துக்கு 700 மில்லிமீட்டருக்கும் குறைவு, சென்னை மழையில பாதிதான். ஆனா சென்னை மழை கொட்டிட்டுப் போயிடும். இந்த ஊரு மழை அப்படி இல்லை. கடன்காரன் மாதிரி வாசல்லயே உக்காந்திருக்கும். துணியைக் கெடுக்கிறது கொட்டுற மழையை விட இந்த உக்காருற மழைதான்.

* * *

அம்மா போன பிறகு ரோஷம் வந்துச்சு. ரோஷத்தோட செய்யிற வேலை எப்படி இருக்கும்? ஹிஹி. அப்படியேதான் இருந்துச்சு.

கூரையைக் கழட்டி வீட்டுக்குக் கொண்டு வந்தேன். பச்சைக் கித்தான், அதுக்கு மேல இன்னொரு பச்சை, பாசி. குளிக்கிற தொட்டியில சுடுதண்ணி பிடிச்சு, துணி துவைக்கிற பவுடரை ரெண்டு கை அள்ளிப் போட்டு, ஊற வச்சு, பிரஷ்ஷால தேய் தேய்னு தேய்ச்சேன். தண்ணி காவேரிப் புதுவெள்ளம் மாதிரி ஓடுச்சு. தங்கமணி எட்டிப் பார்த்துட்டு, "இந்தக் குளியலறையையும் நீங்களே கழுவுவீங்கதானே"ன்னு மட்டும் கேட்டுட்டுப் போயிட்டாங்க.

காயவச்சு மாட்டினேன். பளபளன்னு இருந்துச்சு. அடுத்த மழையில முன்னாடி நாலு இடத்துல ஒழுகின கூரை, இப்ப எல்லா இடத்துலயும் ஒழுகுது. மையொத்துற தாள் மாதிரி மொத்தத் துணியும் தண்ணியைக் குடிக்குது!

ஏன்னு அப்புறம் யோசிச்சா சிரிப்பா வருது. துவைக்கிற பவுடரோட வேலையே தண்ணியைத் துணிக்குள்ள இறக்குறது. அதுக்குத்தான் அதைக் கண்டுபிடிச்சாங்க. நாம கேக்கிறது தண்ணி உள்ள இறங்காத துணி. பழைய பூச்சு கொஞ்சநஞ்சம் ஒட்டிட்டு இருந்ததையும் சுடுதண்ணியால கழட்டிட்டேன். மிச்சம் அலசாம நின்ன பவுடர், மழை வரும்போதெல்லாம் "வாங்க வாங்க"ன்னு கூப்பிட்டு உக்கார வைக்குது.

படகுத்துறைக்குப் பக்கத்துல ஒரு கொட்டகையில படகுக்கூரை தைக்கிற அம்மா ஒருத்தங்க இருக்காங்க. எழுபதை ஒட்டின வயசு. கனத்த தையல் மெஷினுக்குப் பின்னாடி ராணி மாதிரி உக்காந்திருப்பாங்க. புதுக்கூரைக்கு என்ன ஆகும்னு கேட்டேன். சொன்ன தொகை, நான் படகு வாங்கின விலையில பாதிக்கு மேல. என் முகத்தைப் பார்த்து, "சரி, பழசைக் கொண்டு வா, பார்ப்போம்"னாங்க.

கொண்டு போனேன். அவங்க மூணு காரியம் செஞ்சாங்க. மூணையும் நான் முதல்லயே செஞ்சிருக்கணும்.

முதல்ல, ஓரத்துல ஒரு இடத்தைப் பிடிச்சு ரெண்டு கட்டைவிரலாலயும் இழுத்தாங்க. துணி கிழியலை. "துணிக்கு இன்னும் உயிர் இருக்கு. கிழிஞ்சிருந்தா எந்த மருந்தும் வேண்டாம், குப்பையில போடுன்னு சொல்லியிருப்பேன்."

ரெண்டாவது, ஒரு தையல் நூலை ஊசியால நெம்பி இழுத்தாங்க. பொட்டுனு அறுந்துச்சு. பக்கத்துத் தையல், அதுவும் பொட்டு. வெயில்ல இருக்கிற புற ஊதாக் கதிர் துணிக்கு முன்னாடி நூலைத்தான் தின்னும். அம்மா தலையில விழுந்த டொக் டொக் எல்லாம் அவங்க உக்காந்த இடத்துக்கு நேர் மேல போன தையல் வரிசையில இருந்துதான் வந்திருக்கு. நான் டேப் ஒட்டினது அதுக்கு ஒரு ஜாண் தள்ளி. தண்ணி ஒரு இடத்துல நுழைஞ்சு, துணியோட அடிப்பக்கமா ஓடி, இன்னொரு இடத்துல சொட்டும். சொட்டுற இடம் ஒழுகுற இடம் இல்லை.

மூணாவது, ஒரு டம்ளர் தண்ணியைத் துணி மேல தெளிச்சாங்க. நல்ல கூரையில சேப்பம் இலை மேல மாதிரி முத்து முத்தா உருளணும். என் கூரையில கறுப்பா பரவிச்சு. "எதுல துவைச்சே?"ன்னு கேட்டாங்க. சொன்னேன். பதில் சொல்லாம கண்ணாடியைக் கழட்டித் துடைச்சாங்க. எங்க பத்தாம் வகுப்பு கணக்கு வாத்தியார் ஞாபகம் வந்துச்சு.

* * *

அந்தம்மா அன்னிக்குச் சொன்ன ஒரு விஷயம் என் மண்டையில இருந்த படத்தையே மாத்திடுச்சு. நான் நெனைச்சிட்டு இருந்தது, தண்ணி வராம இருக்கணும்னா துணியில இருக்கிற ஓட்டையை எல்லாம் எதையாவது பூசி அடைக்கணும்னு. பருத்திக் கித்தான் அப்படி வேலை செய்யாது. நனைஞ்சதும் பருத்தி நூல் உப்பும். உப்பின நூலுங்க ஒண்ணை ஒண்ணு நெருக்கி இடைவெளியை அடைச்சுக்கும். மழை வந்தா தானே கதவைச் சாத்திக்கிற துணி. காஞ்சதும் திரும்பத் திறந்துக்கும், காத்து போகும். அதனாலதான் புதுப் பருத்திக் கூடாரம் வாங்கினா, முதல்ல ரெண்டு மூணு தடவை நனைச்சுக் காயப்போடச் சொல்லுவாங்க. தையல் ஊசி போட்ட ஓட்டைகூட அப்பத்தான் மூடும்.

அப்ப பூச்சு எதுக்கு? ஒவ்வொரு நூலையும் தண்ணி பிடிக்காத நூலா மாத்துறதுக்கு. ஓட்டை அப்படியே இருக்கும், ஆனா தண்ணி துளியா சுருண்டு மேலேயே நின்னுடும். இதுக்குப் பதிலா பெயிண்ட் மாதிரி எதையாவது பூசி ஓட்டையை அடைச்சா, மழை வராது, சரி. உள்ள இருக்கிறவங்க மூச்சுக் காத்தும் கெட்டில் ஆவியும் வெளிய போகாம, கூரையோட அடியில வேர்த்து, நம்ம தலையிலயே சொட்டும். வெளிமழைக்குப் பதில் உள்மழை.

நிற்க. இந்தக் கித்தானுக்கு ஒரு ஜாதகம் இருக்கு. இங்கிலீஷ்ல கேன்வாஸ்ங்கிற சொல்லே கஞ்சாச் செடியோட லத்தீன் பேர்ல இருந்து வந்தது. அந்தக் காலத்துப் பாய்மரத் துணி சணல் மாதிரியான அந்தச் செடி நார்ல நெஞ்சது. (என் படகுல கஞ்சா இருக்குன்னு யாரும் கிளப்பி விட்டுடாதீங்க சாமி.) இந்த பிராட்ஸ் ஆறுகள்ல வெர்ரின்னு ஒரு சரக்குப் படகு ஓடிட்டு இருந்துச்சு. ஒரே மரம், ஒரே பெரிய பாய், பாய் மட்டும் கன்னங்கரேல்னு இருக்கும். தாரும் மீன் எண்ணெயும் கலந்து பூசினதால வந்த கறுப்பு. 1898ல கட்டின ஆல்பியன்னு ஒரு வெர்ரி தப்பிப் பிழைச்சிருக்கு. 1949ல ஒரு அறக்கட்டளை ஆரம்பிச்சுக் காப்பாத்தினாங்க. அந்தக் கறுப்புப் பாய் நாணலுக்கு மேல நகர்றதை முதல் தடவை பார்த்தப்ப எனக்குத் தோணினது ஒண்ணுதான்: நாம லாரியில போடுற தார்ப்பாய் எல்லாம் பேருக்குத்தான். தாரும் பாயும் சேர்ந்த நிஜ தார்ப்பாய் இதுதான்!

கடல்பக்க மீனவங்க பாய்க்கும் வலைக்கும் ஓக் மரப்பட்டைக் கஷாயம் போடுவாங்க. பத்தொன்பதாம் நூற்றாண்டுல அந்த இடத்துக்கு கட்ச்னு ஒரு பொருள் கப்பல்ல வந்து இறங்குச்சு, இந்தியாவுல இருந்தும் பர்மாவுல இருந்தும். என்னடா கட்ச்னு தேடினா, நம்ம காசுக்கட்டி! ஆச்சி வெத்தலைச் செல்லத்துல பாக்குக்குப் பக்கத்துல இருக்குமே, அதேதான். கருங்காலி வகை மரத்தோட வைரத்தைக் கொதிக்க வச்சு எடுக்கிறது. ஆச்சி நாக்கு சிவந்த அதே சாயத்துலதான் இங்க பாயெல்லாம் செம்பழுப்பா சிவந்திருக்கு. ஆனா ஒண்ணு, அதுல இருக்கிற துவர்ப்புச் சத்து துணி அழுகாம இருக்க, ஒழுகாம இருக்க இல்லை. அழுகலுக்கு ஒரு வைத்தியம், ஒழுகலுக்கு இன்னொரு வைத்தியம்.

ஒழுகலுக்கான பழைய வைத்தியம்தான் என்னை அசத்துச்சு. ஆலமும் சோப்பும். துணியை முதல்ல சோப்புத் தண்ணியில முக்கு, அப்புறம் ஆலம் கரைச்ச தண்ணியில முக்கு, காயப்போடு. ஞாயித்துக்கிழமை வழக்கமான போன்ல அம்மாகிட்ட இதைச் சொல்லிட்டு இருந்தேன். "ஆலமா? கண்ணாடிக்கல்லு மாதிரி இருக்குமா?"

"ஆமாம்மா."

"அது படிகாரம்லா! உங்கப்பா சவரம் பண்ணிட்டு மூஞ்சியில தேய்க்கது. கிணத்துத் தண்ணி கலங்கினா நான் ஒரு சுத்து சுத்தி விடுவேனே, அது. அதுக்கு எதுக்கு இங்கிலீஷ் புத்தகம்?"

அப்புறம் கொஞ்ச நேரம் பேசலை. "அந்த ஒழுகலையா இன்னும் நெனைச்சுக்கிட்டு இருக்கே? எனக்குக் காய்ச்சல் அதுல வரல்ல மக்களே. பிளேன்லயே தும்மிக்கிட்டுத்தான் வந்தேன். உங்கிட்ட சொன்னா எங்கேயும் கூட்டிட்டுப் போகமாட்டேன்னு சொல்லல்ல."

வந்த அன்னிக்கே தும்மினாங்களா? எவ்வளவு யோசிச்சும் ஞாபகம் இல்லை. நனைஞ்சதால மட்டும் நெஞ்சுச்சளி வராது, கிருமிதான் காரணம்னு டாக்டரும் சொன்னாருதான். ஆனா அம்மா நிஜத்தைச் சொன்னாங்களா, எனக்காகச் சொன்னாங்களான்னு இன்னிக்கு வரைக்கும் தெரியலை. கேக்கவும் தைரியம் இல்லை.

* * *

அந்த இலையுதிர் காலத்துல ஒரு சின்னப் பரிசோதனை பண்ணினேன். கூரையோட உள்மடிப்புல இருந்து கைக்குட்டை அளவுக்கு மூணு துண்டு வெட்டி எடுத்தேன்.

ஒண்ணுக்குப் படிகாரம். தமிழ்க்கடையில ஒரு கட்டி கிடைச்சுது. நிஜ சோப்பைச் சீவி வெந்நீர்ல கரைச்சு முக்கி, பிழிஞ்சு, படிகாரத் தண்ணியில போட்டதும், திரிஞ்ச பால் மாதிரி வெள்ளையா நூல்ல படிஞ்சுது. சோடியம் சோப்பு தண்ணியில கரையும், படிகாரத்துல இருக்கிற அலுமினியத்தோட சேர்ந்ததும் கரையாத சோப்பா ஆயிடும். தண்ணியை உள்ள கூப்பிட்டுட்டு இருந்த சோப்பு, படிகாரத்தைப் பார்த்ததும் கட்சி மாறிடுது. நம்மூரு அரசியல் மாதிரி.

ரெண்டாவதுக்கு மெழுகுவர்த்தி. தேய்ச்சு, மேல தாள் வச்சு இஸ்திரி போட்டு உள்ள இறக்கினேன்.

மூணாவதுக்குக் கடையில விக்கிற சிலிக்கோன் திரவம். பெட்ரோல் பங்க் வாசம் அடிக்கும்.

மூணையும் கொல்லையில துணிக்கொடியில தொங்கவிட்டு, குளிர்காலம் முழுக்க மழையில விட்டேன். தினம் காலையில காபி டம்ளரோட போய்ப் பார்ப்பேன். பக்கத்து வீட்டுக்காரர் என்னைப் பார்த்துட்டு வேலிக்கு இந்தப் பக்கம் வர்றதையே குறைச்சுட்டார். முடிவு இதுதான்: மெழுகுத் துணியில ஒரு சொட்டு இறங்கலை, ஆனா அட்டை மாதிரி விறைப்பு, மடிச்ச இடத்துல வெள்ளைக்கோடு விழுந்து, அங்கேயே விட்டுடுச்சு. பாலத்துக்குப் பாலம் மடக்குற கூரைக்கு ஆகாது. படிகாரம் ஆரம்பத்துல பிரமாதம், முத்து முத்தா உருண்டுச்சு, தை மாசம் தாண்டினப்ப கொஞ்சம் கொஞ்சமா அசந்துடுச்சு. சிலிக்கோன் துணி மெத்துனு இருந்துச்சு, மார்ச் வரைக்கும் தண்ணியைச் சேர்க்கலை. மனசு படிகாரத்துக்கு ஓட்டுப் போட்டுச்சு. அறிவு சிலிக்கோனுக்கு.

இன்னொரு வகையும் இருக்கு, ஃபுளோரின் சேர்ந்த ரசாயனம். தண்ணி, எண்ணெய் ரெண்டையும் தள்ளும். ஆனா அந்தக் குடும்பத்து ரசாயனங்க லேசுல அழியாம மண்ணுலயும் தண்ணியிலயும் தங்கிடும். அதுல பிஎஃப்ஓஎஸ்ங்கிறதை 2009லயும், பிஎஃப்ஓஏங்கிறதை 2019லயும் ஸ்டாக்ஹோம் ஒப்பந்தப் பட்டியல்ல சேர்த்தாங்க. ஏரியில மிதக்கிற படகுக்கு அது வேண்டாம்னு விட்டுட்டேன்.

* * *

2024 ஏப்ரல்ல வேலை ஆரம்பிச்சேன். இந்தத் தடவை ரோஷம் இல்லை, பொறுமை.

காஞ்ச கூரையைக் காஞ்ச பிரஷ்ஷால தட்டிப் பாசியை உதிர்த்தேன். பவுடர் கிடையாது. வெதுவெதுப்பான தண்ணி, கொஞ்சம் நிஜ சோப்பு, மெதுவான பிரஷ். அப்புறம் அலசல். நாலு தடவை இல்லை, நுரை வர்றது நிக்கிற வரைக்கும். எனக்குப் பதினோரு தடவை ஆச்சு, போன வருஷத்துப் பவுடர் அப்பத்தான் விடைபெற்றுச்சு. கரும்புள்ளி போகலை. பூஞ்சை தின்ன கறை, அது போகாது. பிளீச் போட்டா கறை போகும், கூடவே நூலோட பலமும் போகும்னு தையல்காரம்மா எச்சரிச்சிருந்தாங்க. இருக்கட்டும்னு விட்டேன். எனக்கே முகத்துல புள்ளி வர்ற வயசுதான்.

நல்லா காஞ்ச பிறகு தையல்காரம்மாகிட்ட. தையல் வரிசை எல்லாத்தையும் பழைய ஊசி ஓட்டையிலேயே போற மாதிரி மறுபடி தச்சுக் கொடுத்தாங்க. புது ஓட்டை போட்டா புது ஒழுகல். அதுக்கான கூலி புதுக்கூரை விலையில பத்துல ஒரு பங்குகூட இல்லை.

அப்புறம் படகுல மாட்டி, நல்லா இழுத்துக் கட்டினேன். தொய்வா இருந்தா மழைத்தண்ணி குளம் கட்டும். கட்டின குளம் எந்தப் பூச்சையும் அமுக்கி உள்ள இறங்கும். பிளாஸ்டிக் ஜன்னல்ல சிலிக்கோன் திரவம் பட்டா மங்கிடும்னு செய்தித்தாள் வெட்டி ஒட்டினேன். ரெண்டு நாளைக்கு மழை இல்லைன்னு வானிலை பார்த்து, காத்தோட்டமான இடத்துல, அகல பிரஷ்ஷால மெல்லிசா ரெண்டு கை. தையல் மேலயும் மடிப்பு மேலயும் மூணாவது கை. ஜிப்புக்கு மெழுகுவர்த்தி. அவ்வளவுதான்.

முதல் ராத்திரி படகுலயே படுத்தேன். விடியக்காலையில கூரையோட அடியில முத்து முத்தா தண்ணி! அவ்வ்வ், போச்சுடான்னு எழுந்து பார்த்தா, ராத்திரி மழையே பெய்யலை. நான் விட்ட மூச்சு, நான் போட்ட டீ. அதுல இருந்து படுக்கும்போது ஜிப்பை ஒரு சாண் திறந்தே வைக்கிறேன்.

* * *

2024 ஜூலையில அம்மா வந்தாங்க. மூணாவது நாளே "படகு எங்கலே?"

போனோம். வானத்தை நான் பார்த்த பார்வை, எந்த விவசாயியும் பார்த்திருக்க மாட்டான். ஒரு பக்கம் மழை வரக்கூடாதுன்னு வேண்டுதல். இன்னொரு பக்கம், வரணும், வந்து பார்க்கணும்னு ஒரு அரிப்பு. மூணு மணிக்கு வந்துச்சு. கூரையை ஏத்தினேன். சடசடன்னு சத்தம். அம்மா போன தடவை உக்காந்த அதே இடத்துல உக்காந்து, மடியில கையை வச்சுக்கிட்டு அண்ணாந்து பார்த்துட்டு இருந்தாங்க. பத்து நிமிஷம். கால் மணி. அரை மணி. ஒரு சொட்டு இல்லை.

"ஒழுகலியே"ன்னாங்க. குரல்ல லேசா ஒரு ஏமாத்தம்கூட இருந்த மாதிரி எனக்குப் பட்டுச்சு. அப்புறம் கையை உயர்த்தி, துணியைத் தொட்டுப் பார்க்கப் போனாங்க.

"தொடாதீங்கம்மா!"

பருத்திக் கூடாரத்துல மழை நேரத்துல உள்பக்கம் தொடக்கூடாதுன்னு ஒரு பழைய விதி இருக்கு. வெளியில நிக்கிற தண்ணி, துணியோட சின்னச் சின்ன கண்ணுல தன் மேல்தோலோட இழுவிசையிலதான் தாங்கி நிக்குது. உள்ள இருந்து ஒரு விரல் பட்டா அதுக்கு ஒரு பிடிமானம் கிடைச்சு, அந்த வழியா இறங்க ஆரம்பிச்சுடும். நல்லாப் பூச்சு பிடிச்ச இடத்துல ஒண்ணும் ஆகாது. ஆனா அம்மா கை போனது அந்த வெளிறின மடிப்புக்கு.

தொட்டுட்டாங்க. நாலஞ்சு நொடி. விரல் நுனியில ஒரு சொட்டு திரண்டு, மணிக்கட்டு வழியா வளையல் வரைக்கும் ஓடுச்சு. திருடின பிள்ளை மாதிரி என்னைப் பார்த்தாங்க.

இதுக்கும் தையல்காரம்மா ஒரு வைத்தியம் சொல்லியிருந்தாங்க. அம்மா விரலைப் பிடிச்சேன். தொட்ட இடத்துல இருந்து எடுக்காம, துணியோட அடிப்பக்கமாவே மெதுவா கீழ இழுத்துட்டு வந்து, கூரையோட ஓரம் வரைக்கும் ஒரு கோடு போட்டேன். அதுக்கப்புறம் வந்த தண்ணி சொட்டாம, அந்தக் கோட்டைப் பிடிச்சுக்கிட்டே இறங்கி ஓரத்துல வெளிய போயிடுச்சு.

அம்மா அந்தக் கோட்டையே பார்த்துட்டு இருந்தாங்க. "நல்ல பிள்ளை. சொன்ன வழியில போகுது"ன்னாங்க. கூரையைச் சொன்னாங்களா, என்னையான்னு கேக்கலை. கெட்டிலை அடுப்புல வச்சேன்.

பி.கு.: பழைய முறையில ஆளிவிதை எண்ணெய் பூசலாம்னு யாராவது சொன்னா ரெண்டு தடவை யோசிங்க. பருத்தித் துணி நாளாக நாளாக விறைச்சு வெடிக்கும். அதை விட முக்கியம், அந்த எண்ணெய் துடைச்ச கந்தலைச் சுருட்டி மூலையில போட்டா தானாவே சூடேறி தீப்பிடிக்கும். கந்தலை விரிச்சுக் காயப்போட்டுட்டு அப்புறமா தூக்கிப் போடுங்க. இன்னொண்ணு, கூரையை ஈரத்தோட மட்டும் சுருட்டி வைக்காதீங்க. இத்தனை பாடும் ரெண்டே வாரத்துல பூஞ்சைக்குச் சாப்பாடாயிடும்.